45 மி.மீ. பாதைக்கு நீராவி இன்ஜின்: ஏசி செம்புக் குழாயில் கொதிகலன் செய்யலாமா?

வில்லிவாக்கம்45:

அனைவருக்கும் வணக்கம். மீட்டர் கேஜ் டேங்க் இன்ஜின் ஒன்றை 1:22.5 அளவில், 45 மி.மீ. தண்டவாளத்தில் உண்மையான நீராவியால் ஓடும்படி செய்து வருகிறேன். சட்டகம், சக்கரங்கள், இரண்டு சிலிண்டர்கள், வால்வு இயக்கம் ஆகியவை முடிந்து, காற்றழுத்தத்தில் சீராக ஓடுகின்றன. அடுத்தது கொதிகலன். ஏசி வேலைக்கு விற்கும் 2⅛ அங்குலச் செம்புக் குழாயில் ஒரு துண்டு பாரிமுனையில் வாங்கி வைத்திருக்கிறேன். அதன் வெளிவிட்டம் 54 மி.மீ., சுவரின் கனம் 1.5 மி.மீ. நீளத்தை 150 மி.மீ. என வைத்து, உள்ளே 22 மி.மீ. தீக்குழாய் ஒன்றை முனையிலிருந்து முனைவரை செலுத்தி, பியூட்டேன் பர்னரால் சூடாக்குவது திட்டம். வேலை அழுத்தம் 4 பார்.

இந்தக் கனம் அந்த அழுத்தத்தைத் தாங்குமா? முனைத்தகடுகளைப் பாத்திரக் கடையில் எடைக்குக் கிடைக்கும் செம்புத் தகட்டில் வெட்டிக்கொள்ளலாமா? எங்கள் தெருவில் உள்ள ஏசி மெக்கானிக் பற்றவைத்துத் தருவதாகச் சொல்கிறார், அது போதுமா? குழந்தைகள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள் என்பதால், எல்லாவற்றையும் தெளிவாகத் தெரிந்துகொண்ட பிறகே நெருப்பு வைக்க நினைக்கிறேன்.

கிண்டி லேத்:

கனத்தை முதலில் பார்த்துவிடுவோம், அது எளிய கணக்கு. உருளைச் சுவரில் ஏற்படும் இழுவிசையை அறிய, அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, கனத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 4 பார் என்பது சதுர மில்லிமீட்டருக்கு 0.4 நியூட்டன். 0.4 × 54 ÷ 3 என்றால் 7.2 கிடைக்கிறது. இளகிய செம்பின் இழுவலிமை ஏறத்தாழ 200. அதில் எட்டில் ஒரு பங்கான 25ஐ மட்டுமே நம்புவது மாதிரிக் கொதிகலன் செய்பவர்களின் நெடுநாள் வழக்கம். அந்தக் கணக்கில் 0.43 மி.மீ. சுவரே போதும், உங்களிடம் இருப்பதோ அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். கடையில் வாங்கும்போது குழாய் விறைப்பாக இருந்தாலும், பற்றவைக்கும் சூட்டில் முழுவதும் இளகிவிடும் என்பதால், விறைத்த செம்பின் வலிமையை எங்கும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உருளை உங்களைக் கைவிடாது. கவனிக்க வேண்டியவை தட்டையான முனைகளும், வெளியிலிருந்து அழுத்தப்படும் தீக்குழாயும்தான். 51 மி.மீ. உள்விட்டத்தில் தீக்குழாயின் துளையைக் கழித்தால், ஒவ்வொரு முனைத்தகட்டின் மீதும் 4 பாரில் சுமார் 660 நியூட்டன், அதாவது 67 கிலோ எடைக்குச் சமமான விசை விழுகிறது. சோதனையின்போது அது இரட்டிப்பாகும். ஆகவே தட்டையான வட்டத்தை வெட்டி உள்ளே வைத்துப் பற்றவைப்பதை நான் ஏற்கமாட்டேன். 2.5 மி.மீ. தகட்டை இரும்பு அச்சின் மீது தட்டி, விளிம்பை 6 மி.மீ. மடித்து, அந்த மடிப்பு முழுவதும் உருளையின் உட்சுவரோடு பற்றும்படி செய்ய வேண்டும். தீக்குழாயே ஒரு ஸ்டேயாக, அதாவது இரு தகடுகளையும் இழுத்துப் பிடிக்கும் தாங்கலாக, வேலை செய்யும். அதற்கு மேலே தாங்கலின்றி இருக்கும் பிறைப் பகுதிக்கு 4 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் என்ற வெண்கலக் கம்பி ஒன்றை இரு தகடுகளுக்கும் இடையே ஓட்டிவிடுங்கள்.

மடிப்பதற்கு 46 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்ட அச்சைக் கடைந்து, அதன் விளிம்பை 3 மி.மீ. ஆரத்தில் உருட்டிக்கொள்ளுங்கள். தகட்டை மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டு, அச்சோடு வைசில் இறுக்கி, மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயுங்கள். முதலில் மந்தமாகக் கேட்கும் ஓசை, செம்பு விறைக்கும்போது கணீரென்று மாறும். அந்த ஓசை வந்த நொடியில் நிறுத்தி மீண்டும் சூடாக்க வேண்டும். அதற்கு மேலும் தட்டினால் மடிப்பின் வளைவில் மயிரிழைக் கீறல் விழும், பிறகு அந்தத் தகடு எதற்கும் உதவாது.

பெரம்பூர் ஷெட்:

தம்பி, கனத்தைப் பற்றி கிண்டிக்காரர் சொன்னது முழுவதும் சரி. ஆனால் இந்த வரைபடத்தைப் பார்த்ததும் நான் கேட்பது வேறு ஒன்று. தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, அதில் எவ்வளவு செலவழிக்கலாம் என்று கணக்குப் பார்த்தீர்களா? கொதிகலன் வடிவமைப்பு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் அளவுகளின்படி, தீக்குழாயின் இடத்தைக் கழித்த பிறகு உள்ளே இருக்கும் மொத்த இடம் ஏறத்தாழ 248 மி.லி. நீராவிக்கு இடம் விட்டு ஐந்தில் நான்கு பங்கு நிரப்பினால் 198 மி.லி. தீக்குழாய் அடித்தளத்திலிருந்து 5 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், அதன் உச்சி வெளியே தெரியும் நிலையில் உள்ளே இன்னும் சுமார் 107 மி.லி. தண்ணீர் இருக்கும். அந்த 107ஐ நீங்கள் தொடவே கூடாது. ஆகவே உங்கள் கைக்கு உண்மையில் கிடைப்பது 90 மி.லி. மட்டுமே. 248 என்ற எண்ணைப் பார்த்து அரை மணி நேர ஓட்டம் என்று நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி நெருப்பு. பர்னர் 700 வாட் தருகிறது, அதில் பாதி தண்ணீருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 4 பார் நீராவியாக்க ஒரு கிலோவுக்குச் சுமார் 2,620 கிலோஜூல் வேண்டும். எனவே 350 வாட் வெப்பம் நிமிடத்துக்கு 8 கிராம் நீராவி தரும். தண்ணீரையும் அரை கிலோவுக்குச் சற்று மேலான செம்பையும் 152 டிகிரிக்குக் கொண்டுவர 6 நிமிடம். அதன் பிறகு 90 மி.லி. தீர 11 நிமிடம். ஆக, நெருப்பு வைத்ததிலிருந்து 17 நிமிடத்தில் தீக்குழாயின் உச்சி காயத் தொடங்கும். 17 நிமிடத்துக்கு 700 வாட் பர்னர் எரிக்கும் பியூட்டேன் 15 அல்லது 16 கிராம், திரவமாக 27 மி.லி. வாயுத் தொட்டியில் அதற்கும் குறைவான திரவம்தான் கொள்ள வேண்டும். தண்ணீருக்கு முன்னால் வாயு தீர்ந்துவிட வேண்டும் என்பது நீர்மட்டக் கண்ணாடி இல்லாத சிறிய வாயு இன்ஜின்களுக்கு அடிப்படை விதி. பெரிய இன்ஜின்களில் தீப்பெட்டிக் கூரையில் ஈயம் வைத்த உருகு திருகு இருந்தது. தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி, நீராவியே உள்ளே பாய்ந்து எச்சரிக்கும். 22 மி.மீ. தீக்குழாயில் அதற்கு இடமில்லை. உங்களுக்கு அந்தக் காவலைச் செய்வது வாயுத் தொட்டியின் அளவுதான்.

வில்லிவாக்கம்45:

ஐயா, மிக்க நன்றி. நான் வரைந்த தொட்டி 60 மி.லி. என்பதைப் பார்க்கும்போது, இந்தக் கேள்வியை இங்கே கேட்டது நல்லது என்று தோன்றுகிறது. ஓட்ட நேரத்தைக் கூட்ட வேண்டுமானால் என்ன வழி? உருளையை நீட்ட 20 மி.மீ. இடம் இருக்கிறது.

பெரம்பூர் ஷெட்:

நீட்டுங்கள், ஆனால் அதனால் கிடைப்பது 12 மி.லி. மட்டுமே. ஓட்டத்தின் நடுவே தண்ணீர் ஏற்றும் வசதி செய்வது மேலானது. நிரப்பும் துளையில் ஒரு வழி வால்வு ஒன்றைப் பொருத்தினால், பிளாஸ்டிக் தெளிப்புக் குடுவையாலோ சிறிய கைப்பம்பாலோ அழுத்தம் இருக்கும்போதே தண்ணீர் செலுத்தலாம். அப்படிச் செய்தால் நீர்மட்டக் கண்ணாடி கட்டாயம். கண்ணாடிக் குழாய் 5 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். அதைவிட மெல்லிய குழாயில் தண்ணீர் தன் மேற்பரப்பு இழுவிசையால் ஒட்டிக்கொண்டு பொய்யான மட்டத்தைக் காட்டும். தீக்குழாயின் குறுக்கே 6 மி.மீ. குழாய்கள் நான்கைந்தைச் சாய்வாகப் பொருத்தினால் வெப்பம் வாங்கும் பரப்பும் கூடும், தீக்குழாய் நசுங்காமல் உள்ளிருந்தே தாங்கலும் கிடைக்கும்.

வெள்ளிப்பற்று:

தகடு, பற்றவைப்பு ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. சென்னையில் கொதிகலன் செய்பவர்கள் பெரும்பாலும் இடறும் இடங்கள் இவை இரண்டுமே என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஏசி குழாய் நல்ல தேர்வு. அது பாஸ்பரஸால் ஆக்ஸிஜன் நீக்கப்பட்ட டி.எச்.பி. செம்பு. எடைக்கு விற்கும் தகடு பெரும்பாலும் மின்வேலைக்கான இ.டி.பி. வகை. அதில் சிறிதளவு ஆக்ஸிஜன் தங்கியிருக்கும். ஹைட்ரஜன் மிகுந்த சுடரில் அதை நெடுநேரம் சூடாக்கினால், ஹைட்ரஜன் உள்ளே ஊடுருவி அந்த ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராவியாகி, உலோகத்தின் மணிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. சோதிக்க எளிய வழி உண்டு. தகட்டில் ஒரு விரல் அகலக் கீற்றை வெட்டி, மஞ்சள் கலந்த புகைச் சுடரில் சில நிமிடம் சிவக்க வைத்து, ஆறவிட்டு, இடுக்கியால் முன்னும் பின்னும் முழுதாக மடியுங்கள். நல்ல செம்பு ரப்பர் போல மடியும். கெட்டது மடிப்பின் வெளிப்பக்கத்தில் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரத்து, பிறகு வெடிக்கும். கையில் இருக்கும் தகட்டுக்கு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முடிந்தால் ஆலைச் சான்றிதழோடு டி.எச்.பி. தகட்டையே கேட்டு வாங்குங்கள்.

ஏசி மெக்கானிக் பயன்படுத்துவது செம்பும் பாஸ்பரஸும் கலந்த கம்பி. குளிர்சாதனக் குழாய்களுக்கு அது அருமையானது, ஃப்ளக்ஸ் (உலோகப் பரப்பைச் சுத்தமாக வைக்கும் பூச்சு) இல்லாமலே செம்போடு செம்பைப் பற்றும். ஆனால் சூடான கந்தக வாயு அந்தப் பற்றை நாளடைவில் அரிக்கும். நிலக்கரி இன்ஜினில் அதை எண்ணிப் பார்க்கவே கூடாது. வாயு இன்ஜினிலும் நெருப்புப் படும் இணைப்பில் நான் வைக்கமாட்டேன். காட்மியம் இல்லாத வெள்ளிக் கம்பியை வாங்குங்கள். 45 சதவீத வெள்ளிக் கம்பி 663 டிகிரியில் இளகத் தொடங்கி 743இல் முழுதாக ஓடும், 56 சதவீதக் கம்பி 618 முதல் 652 வரை. குறுக்குக் குழாய்கள், புஷ்கள் (வால்வு போன்றவற்றைத் திருகும் வளையங்கள்), முதல் முனைத்தகடு ஆகியவற்றை 45இல் வைத்து, கடைசி முனைத்தகட்டை 56இல் வைத்தால், பின்னதைச் சூடாக்கும்போது முன்னது இளகாது. காட்மியம் கலந்த கம்பி விலை குறைவு, ஓட்டமும் நன்றாக இருக்கும், ஆனால் அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சு. கடையில் இதைக் கேட்டுத் தெளிந்த பிறகே பணம் கொடுங்கள்.

இணைப்பில் 0.05 முதல் 0.15 மி.மீ. இடைவெளி இருந்தால்தான் வெள்ளி உள்ளே உறிஞ்சப்படும். இறுக்கி அடித்துப் பொருத்தினால் வெளியே அழகான வளையம் தெரியும், உள்ளே பற்று இருக்காது. ஆக்ஸி-அசிட்டிலீன் சுடர் ஓரிடத்தை மட்டும் உருக்கிவிடக்கூடும் என்பதால், பெரிய எல்பிஜி டார்ச்சால், தீச்செங்கல் சூழ, முழுக் கொதிகலனையும் ஒன்றாகச் சூடேற்றுங்கள். புஷ் துளைகள் அனைத்தும் திறந்திருக்கட்டும். ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற வையுங்கள். ஃப்ளக்ஸும் கறுப்பும் நீங்கி, பற்று முழுதாக ஓடியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். புஷ்களைப் பித்தளையில் கடைய வேண்டாம். சூடான தண்ணீரில் துத்தநாகம் கரைந்து வெளியேறி, பித்தளை பொலபொலத்துப்போகும். கன்மெட்டல் என்ற வெண்கலமோ பாஸ்பர் பிரான்ஸோ போதும்.

அம்பத்தூர் டிக்:

இவ்வளவு சிரமம் எதற்கு? எங்கள் பட்டறையில் 304 ஸ்டெயின்லெஸ் குழாயை டிக் வெல்டிங்கில் ஒரு பொழுதில் முடித்துவிடலாம். வலிமை செம்பைவிடப் பல மடங்கு, வெள்ளியின் விலையும் மிச்சம்.

கிண்டி லேத்:

உங்கள் வெல்டிங் திறமையில் எனக்கு ஐயம் இல்லை. ஆனாலும் இரண்டு காரணங்களால் இதை ஏற்க முடியவில்லை. செம்பின் வெப்பக் கடத்தல் 390 என்றால் 304இன் கடத்தல் 16 அளவிலேயே உள்ளது. மெல்லிய சுவரில் அது பெரிய குறை அல்ல என்று நீங்கள் வாதிடலாம், நானும் ஒப்புக்கொள்வேன். இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. குளோரைடு உள்ள சூடான தண்ணீரில், வெல்டு செய்த இடத்தில் தங்கிய இழுவிசையோடு, 304 எச்சரிக்கை எதுவுமின்றிக் கீறல் விடும். கடலோர நகரத்தின் போர்வெல் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. செம்பு கெடும்போது பெரும்பாலும் முதலில் வீங்கும், கசியும், பார்க்க நேரம் கொடுக்கும். நீராவியை உலர்த்தும் சூப்பர்ஹீட்டர் குழாய்க்கு ஸ்டெயின்லெஸ் நல்லதே, அதைக் கழற்றி மாற்றிவிடலாம்.

மீட்டர்கேஜ் நேசன்:

வாயுவைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. இங்கிலாந்து வரைபடங்களில் வாயுத் தொட்டி கொதிகலனை ஒட்டி கேபினுக்குள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே குளிரில் பியூட்டேன் ஆவியாவது குறைந்து நெருப்பு சோர்ந்துவிடுவதால், கொதிகலனின் வெதுவெதுப்பை வேண்டுமென்றே தொட்டிக்குக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் அதை அப்படியே செய்தால் ஆபத்து. 20 டிகிரியில் பியூட்டேனின் அழுத்தம் வளிமண்டலத்துக்கு மேல் 1.1 பார். 35 டிகிரியில் 2.3 பார். மே மாத வெயிலில் கொதிகலனை ஒட்டிய தொட்டி 50 டிகிரியைத் தொட்டால் 4 பாரை நெருங்கும். எனவே தொட்டியைப் பின்னால் வரும் வண்டியிலோ, கொதிகலனிலிருந்து காற்றிடைவெளி விட்டோ வையுங்கள். திரவம் விரிய இடம் வேண்டும் என்பதால் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

வீட்டு சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்ப வேண்டாம். அதில் புரோப்பேன் கலந்திருக்கிறது. தனிப் புரோப்பேன் 35 டிகிரியில் 11 பார் அழுத்தம் கொடுக்கும். கையடக்க அடுப்புகளுக்கு விற்கும் பியூட்டேன் கேன் மட்டுமே நமக்கு ஏற்றது. ஸ்பிரிட் விளக்கு வைக்கலாமே என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: தமிழ்நாட்டில் எரிசாராயம் உரிமக் கட்டுப்பாட்டில் உள்ளது, அதை நம்பி வடிவமைக்காதீர்கள்.

வில்லிவாக்கம்45:

சட்டப்படி இதற்கு அனுமதி ஏதேனும் வாங்க வேண்டுமா? சோதனைக்கு எங்கள் பட்டறைக் கம்ப்ரசரில் 8 பார் காற்று இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா?

பெரம்பூர் ஷெட்:

காற்றைப் பயன்படுத்தாதீர்கள். இதில் மறுபேச்சுக்கு இடமில்லை. 8 பாரில் உங்கள் கொதிகலனில் உள்ள தண்ணீர் முழுவதும் சேர்ந்து சுருங்குவது ஏறத்தாழ இரண்டு துளி. ஒரு பற்று விட்டால் அந்த இரண்டு துளி வெளியே வரும், முள் கீழே இறங்கும், அவ்வளவுதான். அதே 8 பாரில் காற்று இருந்தால், பல மடங்காகச் சுருக்கி அடைத்த அத்தனையும் ஒரு நொடியில் விரியும், முனைத்தகடு தோட்டாவாகும். நீலகிரி மலை ரயிலுக்காகப் பொன்மலைப் பணிமனையில் புதிதாகக் கட்டிய எக்ஸ் வகை இன்ஜின்களானாலும், உங்கள் 54 மி.மீ. உருளையானாலும், கொதிகலனைத் தண்ணீரால்தான் சோதிக்க வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் வந்துள்ளது. 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உள்ளவை கொதிகலன் என்ற வரையறைக்குள் வருவதில்லை. உங்களுடையது கால் லிட்டர். ஆனால் ஆய்வாளர் வரமாட்டார் என்றால், ஆய்வாளரின் வேலையையும் செய்பவரே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பொருள். 152 டிகிரியில் உள்ள 200 கிராம் தண்ணீர் திடீரென்று வெளியேறினால், அதில் பத்தில் ஒரு பங்கு அந்தக் கணமே ஆவியாகி 30 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். கால் லிட்டர்தானே என்று எண்ணக் கூடாது.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். எல்லாத் துளைகளையும் அடைத்து, நிரப்பும் துளை மேலே இருக்கும்படி பிடித்து, கடைசிக் குமிழி வெளியேறும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். கைப்பம்பால் 2 பார், 4 பார், 6 பார் என்று நிறுத்தி நிறுத்தி ஏற்றி, வேலை அழுத்தத்தின் இரு மடங்கான 8 பாரில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். ஏற்றுவதற்கு முன்னும் இறக்கிய பின்னும் முனைத்தகடுகளின் மீது இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். புதிதாக வீக்கம் தங்கியிருந்தால், கசிவே இல்லாவிட்டாலும், அந்தக் கொதிகலன் தேறவில்லை. ஊசித் துளைக் கசிவு தெரிந்தால் சுத்தம் செய்து, ஃப்ளக்ஸ் வைத்து, வெள்ளியாலேயே மறுபடி ஓட்டுங்கள். ஈயப்பற்றால் அடைக்கும் ஆசை வரும், இடங்கொடுக்காதீர்கள். வெளியே அடைத்த துளைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

பிறகு நீராவிச் சோதனை. இன்ஜின் சிலிண்டர்களுக்கு நீராவி விடும் ரெகுலேட்டரை மூடி, நெருப்பை முழுதாக வைத்து, சேஃப்டி வால்வு மட்டும் ஊதட்டும். முள் 4.4 பாரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வால்வின் வழி சிறியது என்று பொருள். ஸ்பிரிங்கைத் தளர்த்தி ஒப்பேற்றாமல், வழியைப் பெரிதாக்கிக் கடைய வேண்டும். அதன் பின் ஆண்டுதோறும் 6 பாரில் ஒரு தண்ணீர்ச் சோதனை செய்து, தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வெள்ளிப்பற்று:

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்வெல் தண்ணீர், மெட்ரோ லாரித் தண்ணீர் இரண்டும் வேண்டாம். குறுக்குக் குழாய்களுக்குள் உப்புப் படிந்தால் எடுக்க வழியில்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சிலர் பரிந்துரைப்பார்கள். உப்பு இல்லை என்பது உண்மைதான், ஆனால் அது சுருளின் தூசியையும் பாசியையும் சேர்த்துக்கொண்டு வருவதால் நுரைத்து, சிலிண்டருக்குள் தண்ணீரைத் தள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில், மாடி நன்றாகக் கழுவப்பட்ட பிறகு பிடித்து வடிகட்டிய மழைத்தண்ணீரைத்தான் நான் பயன்படுத்துகிறேன். ஓட்டம் முடிந்ததும் மிச்சத்தை வடித்துவிடுங்கள்.

வில்லிவாக்கம்45:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உருளையை 170 மி.மீ. ஆக்கி, ஐந்து குறுக்குக் குழாய்கள், 4 மி.மீ. ஸ்டே, கன்மெட்டல் புஷ்கள், ஒரு வழி வால்வு, நீர்மட்டக் கண்ணாடி ஆகியவற்றோடு வரைபடத்தைத் திருத்திவிட்டேன். பின்வண்டியில் வைக்கும் வாயுத் தொட்டிக்கு 30 மி.லி. ஒதுக்கியிருக்கிறேன், ஐந்தில் நான்கு பங்கு நிரப்பினால் 24 மி.லி. திரவம் நிற்கும். தகடு உங்கள் மடிப்புச் சோதனையில் வெடித்துவிட்டது. டி.எச்.பி. தகட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். பிரஷர் கேஜை நேராக உருளையின் மேல் புஷ்ஷில் திருகலாமா?

கிண்டி லேத்:

வேண்டாம். 2 மி.மீ. செம்புக் குழாயை ஒரு முழு வளையமாகச் சுற்றி, அதன் வழியாகக் கேஜை இணையுங்கள். வளையத்தில் ஆறிய தண்ணீர் தங்கி, நீராவி கேஜின் உள்குழாயைத் தொடாமல் தடுக்கும். கேஜை முதலில் 8 பார் சோதனையிலேயே ஒரு பெரிய கேஜோடு ஒப்பிட்டுப் பார்த்து, 4 பார் இடத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடுங்கள்.